பாஸ்னு கூப்பிடாதீங்க!

காலை ஒன்பதரை மணிக்கு ஓ.எம்.ஆரில் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்று, "மேனேஜர்!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். முப்பது கார்க் கண்ணாடிகளாவது கீழே இறங்கும். இறங்காத கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் நம் ஆள். அவர் மேனேஜர் இல்லை, 'லீடர்'. மேனேஜர் என்பது கம்பெனி கொடுத்த பதவி. லீடர் என்பது அவரே எடுத்துக்கொண்டது.

டீமில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் முதல் நாளே சொல்லிவிடுவார்: "சார், பாஸ் எல்லாம் வேண்டாம். பேர் சொல்லியே கூப்பிடுங்க. இங்க எல்லாரும் சமம்." வந்திருப்பது விருதுநகர்ப் பக்கத்துப் பையன். வாத்தியாரை சார் என்றும் பக்கத்து வீட்டுக்காரரை மாமா என்றும் கூப்பிட்டே வளர்ந்தவன். காதோரம் நரைத்தவரை மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வாய் வராது. சார் என்றால் இவர் முகம் சுருங்கும். ஆகவே அந்த டீமில் அவரை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று தொண்டையைச் செருமுவார்கள். ஒரு செருமல் என்றால் லீவு வேண்டும். மூன்று செருமல் என்றால் கிளையன்ட் கத்துகிறான்.

"என் ரூம் கதவு எப்பவும் திறந்தே இருக்கும்" என்று மாதம் ஒருமுறையாவது அறிவிப்பார். உண்மைதான். அவருக்கு ரூமே கிடையாது. எல்லோரையும் போல அவருக்கும் இடுப்புயர மறைப்புக்குள் ஒரு மேசை. கதவோடு கூடிய அறை கிடைக்க இன்னும் இரண்டு படி ஏற வேண்டும். அது கிடைத்தால் முதல் வேலையாகக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நிம்மதியாக உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

பிறக்கும்போதே லீடராகப் பிறந்தவரல்ல. தரமணியில் 2000இல் டைடல் பார்க் திறந்து, ஊரில் இருக்கிற அப்பாக்களெல்லாம் பிள்ளைகளை இன்ஜினீயரிங் காலேஜுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்களே, அந்தக் காலத்தில் படித்து வந்தவர். அபாரமாகக் கோடு எழுதுவார். மற்றவர்கள் ஒரு வாரம் தேடும் பிழையை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பிடித்துவிடுவார். இப்படி ஒரு திறமைசாலியைக் கம்பெனி சும்மா விடுமா? இனிமேல் கோடே எழுத வேண்டாம் என்று சொல்லி மேனேஜராக்கிவிட்டது. செய்கிற வேலையில் கெட்டிக்காரனாக இருந்தால் மேலே தூக்குவார்கள், கையாலாகாத நாற்காலிக்கு வந்து சேர்ந்ததும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள் என்று லாரன்ஸ் பீட்டரும் ரேமண்ட் ஹல்லும் 1969இலேயே 'பீட்டர் பிரின்சிபிள்' என்று புத்தகம் போட்டுவிட்டார்கள். நம் ஆள் அதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு, எதிர் வரிசை மேனேஜர் கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகம் என்று சிபாரிசும் செய்திருக்கிறார்.

மேசையில் இன்னும் சில புத்தகங்கள் உண்டு. நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி என்று 1936இல் டேல் கார்னகி எழுதியது. ஏழு பழக்கங்களைப் பற்றி 1989இல் ஸ்டீபன் கவி எழுதியது. இதில் மூன்றாவது பழக்கம் வரைக்கும் வந்து புக்மார்க் மூன்று வருஷமாக அங்கேயே தங்கிவிட்டது. ஒரே நிமிடத்தில் பாராட்டுவது, ஒரே நிமிடத்தில் திருத்துவது என்று கற்றுத்தரும் 1982ஆம் வருஷத்து 'ஒன் மினிட் மேனேஜர்' மட்டும் முழுதாக முடிந்தது. அதிலிருந்து கற்றதை டீமுக்குச் சொல்ல ஒன்றரை மணி நேரம் மீட்டிங் போட்டார்.

மீட்டிங் என்றதும் தினசரி ஸ்டாண்டப்பைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்க்ரம் முறைப்படி அது 15 நிமிடம்தான். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று ஆளுக்கு மூன்று வாக்கியம் சொல்லிவிட்டுக் கலைய வேண்டும். கால் வலித்தால் பேச்சு குறையும் என்பதற்காகத்தான் நிற்கவே வைக்கிறார்கள். நம் ஆள் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர், அவருக்குக் கால் வலிப்பதில்லை. நாற்பதாவது நிமிடத்தில் ஒருவன் தூணில் சாய்வான். ஐம்பதாவது நிமிடத்தில் ஒருத்தி சுழல் நாற்காலியை ஓசையில்லாமல் காலாலேயே பக்கத்தில் இழுப்பாள். "சரி, சுருக்கமா முடிச்சுக்கலாம்" என்று அவர் சொன்னால் பாதி ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

இரவு எட்டரை மணிக்கு அமெரிக்காவோடு கால். அங்கே மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பரில் பின்னே இழுப்பார்கள். நியூயார்க்கில் அவர்கள் முள்ளைத் திருகினால் பள்ளிக்கரணையில் இவர் வீட்டில் தோசை ஆறும். எட்டரை என்பது ஏழரையாகும், மறுபடி எட்டரையாகும். கிரகப் பெயர்ச்சிக்குப் பரிகாரம் செய்கிற மாமியாருக்கே இந்தப் பெயர்ச்சி பிடிபடவில்லை. கால் தொடங்கியதும் அவர் குரல் அரை ஸ்தாயி இறங்கி, 'ர'க்கள் எல்லாம் நாக்கின் நடுவில் உருள ஆரம்பிக்கும். டீமிடம் "முடியவே முடியாது" என்று பத்து நிமிடம் முன்பு ஒப்புக்கொண்ட தேதியை கிளையன்ட் கேட்டதும், "ஷ்யூர், வி வில் ட்ரை அவர் பெஸ்ட்" என்பார். மியூட்டில் இருக்கும் ஆறு பேர் ஒரே சமயத்தில் பெருமூச்சு விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லிங்க்ட்இன். 2003இல் அந்தத் தளத்தைத் தொடங்கியவர்கள் ஏதோ வேலை தேடுகிறவர்களுக்கு உதவுமே என்று நினைத்திருப்பார்கள். நம் ஆள் அதில் தத்துவம் எழுதுகிறார். ஒரு வாக்கியம், ஒரு வரி இடைவெளி, இன்னொரு வாக்கியம். அவர் ஏறுகிற ஆட்டோவை ஓட்டுகிறவர்களெல்லாம் அவருக்குத் தலைமைப் பண்பைப் போதித்துவிட்டுத்தான் இறக்கிவிடுகிறார்கள். தொரைப்பாக்கத்திலிருந்து பெருங்குடி வருவதற்குள் ஒருவர் கஸ்டமர் ஃபோகஸ் கற்பித்தார், ஒருவர் விடாமுயற்சி. மீட்டருக்கு மேல் கேட்டவர்கள் யாரும் இந்தக் கட்டுரைகளில் வருவதில்லை. டீம் முழுக்க லைக் போட்டாக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலையில், "என்னப்பா, வீக்கெண்ட் பிஸியா?" என்று விடுபட்டவரிடம் மட்டும் அன்பாக விசாரிப்பார், அவ்வளவுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை ஈ.சி.ஆரில் ரிசார்ட். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், சக ஊழியர் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதனால் நம்பிக்கை வளரும். மத்தியானம் பிரியாணிக்குப் பிறகு கடற்கரை மணலில் கிரிக்கெட். பெரிய தலை ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு பேட்டிங் பிடிக்கிறார். நம் ஆள் லாங் ஆனில் நின்றபடி பவுலருக்குக் கண்ணால் ஜாடை காட்டுகிறார். புல் டாஸ் போகிறது. பெரியவர் அதையும் தூக்கிக் காட்சாகக் கொடுக்கிறார். பந்து நேராக நம் ஆள் கைக்கு வருகிறது. அதைத் தவறவிட அவர் பட்ட பாடு இருக்கிறதே, எந்தப் பயிற்சி வகுப்பிலும் வராது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் புரொடக்‌ஷன் படுத்துவிட்டது. கிளையன்டின் பேமென்ட் ஒன்றுகூடப் போகவில்லை. நைட் ஷிப்டில் இருந்த விருதுநகர்ப் பையன் நடுங்கிக்கொண்டு போன் அடித்தான். லுங்கியும் பனியனுமாக நம் ஆள் காலில் வந்தார்.

"லாகைப் போடு. மேல போ. இன்னும் மேல. நில்லு! இன்னைக்குத் தேதி என்னடா?"

"பதிமூணுங்க."

"அதான். அவன் மாசத்தை முன்னாடி எழுதுவான், நாம தேதியை முன்னாடி எழுதியிருக்கோம். பன்னெண்டு வரைக்கும் மூச்சு விடாது. இன்னைக்குப் பதிமூணாவது மாசம் எங்கேன்னு தேடி விழுந்திருக்கு."

இருபது நிமிடத்தில் சரியாகிவிட்டது. அந்த இருபது நிமிடமும் அவர் வாயில் சினர்ஜி வரவில்லை, மைண்ட்செட் வரவில்லை. மாற்றியது யார் என்று கிளையன்ட் கேட்டபோது, "டீமா தப்பு பண்ணிட்டோம்" என்று சொல்லிப் பையன் பேரை வெளியே விடவும் இல்லை. டீமே அவரை லீடராகப் பார்த்த இரவு அது. பாவம், அதை அவர் கவனிக்கவில்லை. காலை பத்து மணிக்கு, 'நெருக்கடியில் தலைமை: நாம் கற்றவை' என்று நாற்பது ஸ்லைடு போட்டு அத்தனை பெயரையும் கெடுத்துக்கொண்டார்.

மார்ச் வந்தால் அப்ரைசல். "நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்று அவர் சொல்வது அந்த மாதத்தில் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியை ஆண்ட ஜாக் வெல்ச், ஊழியர்களை மேலே 20 சதவீதம், நடுவே 70, அடியில் 10 என்று பிரித்து, அடிப் பத்தை வெளியே அனுப்பச் சொன்னவர். அந்த மாதிரி ஒரு முறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் தலைமுழுகியது. ஆனாலும் பெல் கர்வ் என்ற அந்த மணி ஓ.எம்.ஆரில் பல கட்டடங்களில் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. நல்லவேளை, நிஜக் குடும்பங்களுக்கு இது வரவில்லை. வந்திருந்தால் எத்தனை சித்தப்பாக்கள் தெருவில் நிற்பார்கள்!

அந்தக் கட்டடத்தில் மீட்டிங் அறைகளுக்கு நதிகளின் பெயர். பையனைக் 'காவேரி'க்கு அழைத்தார். ஜக்கில் தண்ணீர் இல்லை.

"வாப்பா, உட்காரு. அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" என்றார், டைரியைப் பார்த்து.

"பரவாயில்லைங்க."

"இந்த வருஷம் பிரமாதம். உன் ஓனர்ஷிப் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா விசிபிலிட்டிதான் கொஞ்சம் கம்மி."

"வருஷம் பூரா நைட் ஷிப்டுங்க. அப்ப பார்க்க ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன்."

பையன் யோசித்தான். "ரேட்டிங் எவ்வளவுங்க?"

"நான் நாலுதான் போட்டேன். நார்மலைசேஷன்ல மூணு ஆயிடுச்சு."

"யாருங்க ஆக்கினது?"

"யாரும் ஆக்கலப்பா. ஆயிடுச்சு. இதை ரேட்டிங்கா பார்க்காத. ஒரு ஜர்னியா பாரு."

சிரிப்பு வருகிறது, ஆனால் மனிதர் பொய் சொல்லவில்லை. பழைய மேனேஜர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, நாலு பேர் முன்னால் வைதுவிட்டு, சாயங்காலம் டீ வாங்கித் தருவார். அதிகாரம் தன் கையில் இருப்பதாகக் காட்டிக்கொண்டவர் அவர். நம் ஆள் அதிகாரமே கிடையாது என்று காட்டிக்கொள்கிறார். எக்ஸெல் ஷீட் என்னவோ அவருக்கும் மேலே இருந்துதான் வந்தது, இவருக்கும் மேலே இருந்துதான் வருகிறது. இந்த ஷீட்டில் பையன் பேர் இருக்கும் அதே மாதத்தில் இன்னொரு ஷீட்டில் இவர் பேர் இருக்கும். 'கோதாவரி'யில் இவரை உட்கார வைத்து, இவருடைய பிள்ளையின் பத்தாம் வகுப்புப் பரீட்சையை அன்போடு விசாரித்துவிட்டு, இன்னொரு லீடர் ஜர்னியைப் பற்றிச் சொல்வார்.

ஏப்ரலில் பையன் பேப்பர் போட்டான். அப்போதுதான் நம் ஆளின் முழு அன்பும் வெளிப்பட்டது. டீக்கடைக்குத் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். மெதுவடை வாங்கிக் கொடுத்தார். "உன்னை அடுத்த லீடா மனசுல வெச்சிருந்தேனே. என்ன பிரச்சினைன்னாலும் மனசு விட்டுப் பேசு" என்றார். மூன்று வருஷமாக எந்த மனசில் வைத்திருந்தார் என்று பையன் கேட்கவில்லை. வடை சூடாக இருந்தது. 90 நாள் நோட்டீஸ் முடிந்து கேக் வெட்டியபோது அவர் கண் நிஜமாகவே கலங்கியது. ஆள் போனதற்கு மாற்று ஆள் கிடையாது என்று அன்று காலையில்தான் மெயில் வந்திருந்தது.

அடுத்த வருஷம் பையனின் போனுக்கு ஒரு செய்தி. "ஹாய், எப்படி இருக்கீங்க? அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லையா?" அடுத்த செய்தியில் ரெஸ்யூம். 'நீ' எப்படி 'நீங்க' ஆனது என்பதைப் பையன் கவனித்தான். ஒரு நிமிடம் யோசித்தான். தேதியை மாற்றியவன் பேரை அந்த ராத்திரியில் வெளியே விடாதவர். அனுப்பி வைப்போம் என்று தன் கம்பெனியில் சிபாரிசு செய்தான். வேலை கிடைத்துவிட்டது.

சிபாரிசுக்குக் கம்பெனி ரெஃபரல் போனஸ் தருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தான். மூன்று வருஷம் அவர் போட்ட ஹைக்கை எல்லாம் கூட்டினாலும் அதன் பக்கத்தில் வரவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, புதியவர் ஆறு மாதம் நிலைத்தால்தான் பணம் கைக்கு வரும். ஆகவே இப்போது வாரம் தவறாமல் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தோளில் கைபோட்டு, "எல்லாம் ஓகேதானே? என்ன பிரச்சினைன்னாலும் மனசு விட்டுப் பேசுங்க" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான்.