துரையின் எடை 246 இறாத்தல்

ஊவா மாகாணத்தின் சரித்திரத்தை எழுதினவர்கள் துரைமாரின் பட்டம் பதவி எல்லாம் எழுதி வைத்தார்கள். யார் எத்தனை இறாத்தல், யாரை யார் தூக்கினார்கள் என்ற கணக்கை மட்டும் விட்டுவிட்டார்கள். தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தராசு தெரியாமல் ஒரு சரித்திரமும் பிடிபடாது. ஆகவே அந்த விட்டுப்போன கணக்கை நான் போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ். பதுளையில் உதவி அரசாங்க அதிபர். ரோட்டுப் போட்டார், வழக்குக் கேட்டார், மிச்ச நேரத்தில் யானை சுட்டார். மிச்ச நேரம் தாராளமாக இருந்திருக்க வேண்டும், அவர் சாய்த்த யானைகள் 1,400 வரை என்கிறார்கள். யானைக்கு மூன்று டன் என்று குறைத்தே போட்டாலும் 4,200 டன். அவ்வளவு சதையையும் சாய்க்க மேஜர் அசைத்தது ஒரு சுட்டுவிரல். அந்த விரலை மடக்கும் தசைகூட விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது. காட்டிலேயே பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய பலம், இரண்டையும் வெடிமருந்து ஒரு நொடியில் தள்ளுபடி செய்துவிட்டது.

கணக்கு அதோடு முடியவில்லை. 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளை வாடிவீட்டில் மழைக்கு ஒதுங்கியிருந்த மேஜரை மின்னல் அடித்தது. மழை விட்டுவிட்டது என்று விறாந்தைக்கு வந்து பார்த்தபோதுதான் அடித்தது என்பது கதை. யானைகள் சேர்ந்து முறைப்பாடு கொடுத்திருந்தன என்று சனங்கள் சொல்லாமலா இருந்திருப்பார்கள்! நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லையும் மின்னல் விட்டுவைக்கவில்லை. பதுளை புனித மாற்கு தேவாலயம் அவருடைய ஞாபகமாக 1857இல் எழுந்தது. 1,400 யானைகளுக்கு ஞாபகார்த்தம் கட்ட யாருக்கும் நேரமில்லை.

அடுத்த பலசாலி இன்னும் சின்னவன். 1869இல் மடுல்சீமைப் பக்கம் காப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி தெரிந்தது. பொடியைத் தட்டிவிட்டுத் துரைமார் விஸ்கி குடிக்கப் போனார்கள். அது ஒரு பூஞ்சணம், ஹெமிலெயா வஸ்டாட்ரிக்ஸ். பெயரில் இருக்கும் பாரம் உடம்பில் கிடையாது, ஒரு வித்தைப் பார்க்கவே நுணுக்குக்காட்டி வேண்டும். இருபது வருஷத்துக்குள் இலங்கைக் காப்பித் தொழிலையே அது மல்லாத்திவிட்டது. ஊவா கண்ட பயில்வான்களில் முதல் பரிசு அதற்குத்தான்.

காப்பி செத்ததும் தோட்டங்கள் மலிந்தன. மலிவு எங்கே என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்த ஒருவர் 1890இல் வந்து இறங்கினார்: கிளாஸ்கோ மளிகைக்காரர் தாமஸ் லிப்டன். ஹப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பேதென்ன தோட்டத்தை வாங்கினார். அவருடைய கடைகளில் ஒரு வேடிக்கை இருந்தது. ஆளை வளைத்துக் காட்டும் கண்ணாடிகள் இரண்டு. ஒன்றில் பார்த்தால் ஆள் நூலாகத் தெரிவார், அது லிப்டன் கடைக்குப் போகும்போது. மற்றதில் பீப்பாயாகத் தெரிவார், அது கடையிலிருந்து வரும்போது. பன்றித்தொடையும் வெண்ணெய்யும் விற்கிறவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? சதைதான் சுகம், சதைதான் பலம் என்று அந்த ஊரே நம்பியிருந்த காலம்.

தம்பேதென்னைக்கு அந்தக் கண்ணாடிகளை அவர் கொண்டுவந்திருக்கத் தேவையில்லை. லயத்து ஆட்களுக்கு முதல் கண்ணாடியின் உருவம் எந்தக் கண்ணாடியிலும் தெரிந்தது. இரண்டாவது உருவம் பங்களாவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது.

இப்போது தலைப்பில் போட்ட எடைக்கு வருகிறேன். அதற்கு மாகாண எல்லையைத் தாண்ட வேண்டும். ஜேம்ஸ் டெய்லர் இருந்தது கண்டிப் பக்கம் லூல்கந்துரவில். ஆனாலும் ஊவாவில் காப்பி செத்த குழியில் நட்ட செடி, 1867இல் அவர் தோட்டமாக வளர்த்துக் காட்டிய அதே தேயிலைதான், ஆகவே இந்தக் கணக்கில் அவருக்கும் பங்குண்டு. ஸ்கொட்லாந்து ஆள். எடை 246 இறாத்தல், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 112 கிலோ. தோட்டத்து ஆட்கள் அவரைச் சாமித்துரை என்றார்கள். 1892 மே மாதம், 57 வயதில், இந்த மலை போன்ற உடம்பை வயிற்றுக்கடுப்பு ஒன்று கொண்டுபோனது. பிரேதத்தைக் கண்டி மகியாவை மயானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தூரம் 18 மைல், எல்லாம் மலைப்பாதை. 24 பேர் வந்தார்கள். 12 பேர் தூக்க, 12 பேர் வெறுங்கையோடு கூட நடக்க, நாலு மைலுக்கு ஒருதடவை தோள் மாறியது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் துரையின் பிரம்மாண்டத்தைக் காட்டவே சொல்கிறார்கள். 24 பேர் தேவைப்பட்டார்களாம், அடேயப்பா! தூக்கின 24 பேரின் எடையை யாரும் நிறுக்கவில்லை. தமிழ்நாட்டுப் பஞ்சத்தில் காய்ந்து, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாய் மலையேறிய வம்சம். தோட்டம் கொடுத்த அரிசியின் காசைச் சம்பளத்திலேயே வெட்டினார்கள். அந்தச் சோற்றில் புஜம் எங்கே தடிக்கும்? விலா எலும்பை எண்ணலாம். ஆனாலும் 18 மைல் போய்ச் சேர்ந்தார்கள்.

இது எப்படி முடிந்தது? தசை தடித்தால் பலம் கூடும், அதில் பொய்யில்லை. தசையைக் குறுக்கே அறுத்தால் தெரியும் பரப்பில், சதுர சென்டிமீட்டருக்கு 2, 3 கிலோ இழுக்கலாம் என்பது பொதுக் கணக்கு. வில்லங்கம் என்னவென்றால், ஒரு ஆள் நீளம், அகலம், தடிப்பு எல்லாவற்றிலும் இரண்டு மடங்கானால் அந்தப் பரப்பு 4 மடங்காகும், எடையோ 8 மடங்காகிவிடும். பெரிய உடம்பு சம்பாதிப்பதில் பாதி, தன்னைத்தானே தூக்கிக்கொண்டு திரியவே செலவாகும். கலிலியோ 1638இல் வந்த புத்தகத்திலேயே இந்த விவகாரத்தைக் கிளப்பிவிட்டார், துரைமார் வாசிக்கவில்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் நயிம் சுலைமானோக்ளு, ஐந்தடிகூட இல்லாத ஆள், 60 கிலோப் பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தினார். தன்னைப்போல மூன்று பேர், அதற்கு மேலும் கொஞ்சம்.

நரம்பின் பங்கு இன்னொன்று. தசை நார்களெல்லாம் எப்போதும் தயாராய் நிற்பதில்லை, தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிப்பதுபோல மூளை தப்படிக்க வேண்டும். பழகாத உடம்பில் எத்தனை அடித்தாலும் ஒரு பகுதி நார் லயத்திலேயே குப்புறப் படுத்துக் கிடக்கும். எடை தூக்கப் பழகுகிறவனுக்கு முதல் சில வாரங்களில் பலம் கூடும், சட்டைக்கை இறுகாது. அவனுடைய மூளை ஆள் கூட்டக் கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே சுமக்கிறவனின் பெரட்டுக் களத்தில் எல்லாரும் ஆஜர்.

நேபாளச் சுமைகாரரை 2005இல் அளந்து பார்த்தார்கள். ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 வீதமும், பெண்கள் 66 வீதமும் சுமந்துகொண்டு எவரெஸ்ட் பக்கம் மலையேறினார்கள், கயிற்றை நெற்றியில் மாட்டி. கென்யப் பெண்களை 1986இல் அளந்தவர்கள் இன்னும் அதிசயித்தார்கள். தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் ஏற்றிச் சமதரையில் நடந்தால், வெறுங்கையோடு நடப்பதைவிட மூச்சு அதிகம் செலவாகவில்லை.

கயிறு, தலை, சுமை. இதைப் பார்க்க பசறைக்காரர் யாராவது கென்யாவுக்குப் போக வேண்டுமா? கொங்காணி போட்டு, இடுப்பில் படங்கு கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி நிற்கிற அக்காமார் அத்தனை பேரும் இந்தப் பாடத்தை நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊவாவில் சமதரை இல்லை என்பதால் பாடம் கொஞ்சம் கஷ்டம், அட்டைக்கடி வேறு. மெலிந்த உடம்புதான் பலம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு எந்தத் தோட்டக் கம்பனியும் ஆட்களுக்குக் கொடுக்கும் மாவைக் குறைத்துவிடக் கூடாது. சோறு போதாமல் வந்த மெலிவு அது. பலம் அதையும் மீறி வந்தது.

இனித் தராசடிக்குப் போவோம். டெய்லரின் 246 இறாத்தலை 12 தோளுக்குப் பிரித்தால் தலைக்கு இருபதரை இறாத்தல், 9 கிலோ சொச்சம். சவப்பெட்டிப் பலகையைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பல தோட்டங்களில் பேர் விழ, அதாவது முழு நாட்சம்பளம் கிடைக்க, 18 கிலோ கொழுந்து வேண்டும். இரண்டு நிறுவை என்று வைத்தால் ஒரு தடவைக்கு 9 கிலோ. அதாவது, பதுளை மாவட்டத்து மலைச்சரிவில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண் தினமும் இரண்டு தடவை ஜேம்ஸ் டெய்லரின் பன்னிரண்டில் ஒரு பங்கை இறக்கிக்கொண்டு வருகிறாள். அதற்குச் சரித்திரத்தில் ஒரு வரி கிடையாது. சில சமயம் நிறுக்கிறவர் தண்ணிக் கழிவு, கூடைக் கழிவு என்று இரண்டு கிலோவை வெட்டுவார். உடற்பயிற்சி இல்லாமல் எடை குறைக்கும் வித்தையை உலகம் தேடிக்கொண்டிருக்கிறது. அது தராசடியில் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

சட்டம் மட்டும் விடாமல் புஜத்தைப் பார்த்தே சம்பளம் பிரித்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்குக் குறைந்த விலை, பிள்ளைக்கு அதற்கும் குறைந்த விலை. கவ்வாத்து வெட்டுகிற ஆண் பெரும்பாலும் மத்தியானத்தோடு கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போய்விடுவார். பெண் அந்தி நிறுவை வரைக்கும் மலையில் நிற்பாள். ஆனாலும் பலசாலி அவர்தான், சட்டமே சொல்லிவிட்டதே! ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனது 1984இல்.

தம்பேதென்ன மலையுச்சியில் இருக்கும் லிப்டன் சீட்டுக்குப் படம் எடுக்கப் போகிற தம்பி தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். லிப்டன் சிலையோடு நின்று புஜத்தை மடக்கிக் காட்டிவிட்டு, இறங்கி வரும் வழியில் அந்தி நிறுவை நேரத்துக்குக் கொழுந்து மடுவத்தடியில் கொஞ்சம் நில்லுங்கள். யாரையும் படம் எடுக்க வேண்டாம். தராசு முள் எங்கே நிற்கிறது, புத்தகத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.