பார்க்க ஒன்றுமில்லாத தீவு

கூட்டம் மிகும் நாட்களில் வெனிஸுக்கு வந்து பொழுதோடு திரும்புகிறவர்களிடம் 2024 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஊருக்கே டிக்கெட்! அதே காயலில் இருக்கும் சான்ட் எராஸ்மோ தீவுக்கு அது கிடையாது. காசு கேட்காத இடத்தை எந்தச் சுற்றுலாக்காரர் மதித்தார்?

13ஆம் எண் படகேறிப் போனால் அரண்மனை இல்லை, கொண்டோலா இல்லை. கூனைப்பூத் தோட்டம்தான். ஊதா நிறக் கூனைப்பூ. வசந்தத்தில் செடியின் உச்சியில் வரும் முதல் மொட்டை அறுத்துவிடுவார்கள். அப்போதுதான் மற்ற மொட்டுகள் தேறும். அந்த இளமொட்டுக்கு வெனிஸின் ரியால்தோ சந்தையில் ஏகக் கிராக்கி. வெனிஸ் உணவகத்தில் அதைத் தட்டோடு படமெடுத்துச் சிலாகிப்பவரே, அது விளைந்த மண்ணைக் கண்டதும், "இங்கே என்ன இருக்கு?" என்பார்.

கார் இருக்கிறது ஐயா! உலகப் புகழ் வெனிஸின் சந்துகளில் ஓடாத காரும், நம்மூர் ஆபே ஆட்டோவுக்கு அண்ணனான மூன்று சக்கர வண்டியும் இந்தப் பட்டிக்காட்டில் ஓடுகின்றன.

போனால் சைக்கிளில் சுற்றுங்கள், காய்கறி வாங்குங்கள். படம் எடுத்துப் பரப்பி, அங்கேயும் டிக்கெட் கவுண்டர் திறக்க வைத்துவிடாதீர்கள்.