பாத்தியில் மேலும் பாப்பி தகுமா: ஒரு சிற்றாய்வு

பிரிட்டனில் ஊராட்சிகளும் நகராட்சிகளும் குடிமக்களுக்கு ஆண்டு வாடகைக்கு விடும் சிறு சாகுபடித் துண்டுக்கு அலாட்மென்ட் என்று பெயர். மரபான அளவு ஏறத்தாழ 250 சதுர மீட்டர். நம் கணக்கில் ஆறு சென்ட்டுக்குச் சற்று மேல். இத்துண்டில் தானே உதிர்ந்து தானே முளைக்கும் பாப்பிச் செடிகளை இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமா என்பது ஆய்வுப்பொருள். மார்ச் மாதத்தில் கையில் விதைப் பொட்டலத்தோடு ஒருவர் பாத்தியோரம் நெடுநேரம் அசையாமல் நின்றால், அவர் இந்த ஆராய்ச்சியில் மூழ்கியிருக்கிறார் என்று கொள்க.

ஆய்வுக்கு உரியவை முக்கியமாக இரண்டு: செந்நிற வயல் பாப்பி, ஊதாப் பூவும் சாம்பல் பூத்த இலையும் உடைய கசகசாச் செடி. இரண்டும் ஓராண்டுப் பயிர். கலிபோர்னியா பாப்பி அதே குடும்பம், வேறு பேரினம். அதன் வழக்கைத் தனியே விசாரிக்க வேண்டும்.

பாப்பியின் காய்க்கு மேலே ஒரு மூடி. அதன் விளிம்புக்குக் கீழே சுற்றிலும் சிறு துளைகள். காற்றில் தண்டு ஆட ஆட, மிளகுத்தூள் டப்பாவைக் கவிழ்த்துக் குலுக்கியதுபோல் விதைகள் தெறிக்கும். ஒரு வயல் பாப்பிச் செடி தரும் விதை சராசரியாக 17,000 என்பர். அத்தனையும் முளைத்துக் காய்த்து, அவற்றின் விதைகளும் முழுதாக முளைத்தால் செடிகள் 28 கோடியே 90 லட்சம். சதுர அடிக்கு ஒன்றாக நட ஏறத்தாழ 27 சதுர கிலோமீட்டர் தேவை. ஹீத்ரோ விமான நிலையம் இரண்டு கொள்ளும் இடம். எந்த நகராட்சியும் இவ்வளவு பெரிய துண்டை ஒருவருக்கு ஒதுக்கியதில்லை.

அத்தனை விதையும் முளைக்காததற்குக் காரணம், இவ்விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பது. மண்ணுக்குள் புதைந்தது பல்லாண்டு உறங்கும். மண்ணைப் புரட்டியதும் விழிக்கும். முதல் உலகப் போரில் குண்டுகள் உழுத ஃபிளாண்டர்ஸ் மண்ணில் பாப்பி பூத்துக் குலுங்கியது இப்படித்தான். அலாட்மென்ட்டில் அந்தப் பணியை மண்வெட்டி செய்கிறது. களையை ஒழிக்கக் கொத்துகிறவரே பாப்பியின் முதன்மை ஊழியர் என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

இனி பரபக்கம், அதாவது பிறர் வாதம். சேர்க்கக் கூடாது என்போர் 1922-ஆம் ஆண்டு அலாட்மென்ட் சட்டத்தைக் காட்டுவர். துண்டு முழுமையாகவோ பெரும்பாலுமோ குத்தகைதாரரும் குடும்பமும் உண்ணும் காய்கறிக்கும் பழத்துக்கும் பயன்பட வேண்டும் என்கிறது அது. ‘பெரும்பாலும்’ என்ற சொல் விட்ட இடைவெளியில்தான் பிரிட்டனின் அலாட்மென்ட் பூக்கள் அத்தனையும் பூக்கின்றன. கசகசாவும் உண்ணும் பொருள்தானே, குருமாவுக்கு ஆகாதா எனின், ஆகும். ஆயினும் அதைக் காய்கறி என்று நிறுவப் புகுவோர் நல்ல வக்கீலோடு செல்க.

சேர்க்கலாம் என்போர் தேனீயை அழைப்பர். இப்பூவில் தேன் இல்லை. மகரந்தம் மட்டும் ஏராளம், தேனீ அதற்காக வருகிறது. ஆனால் பூ நிற்பது ஓரிரு நாள். அவர்களுடைய வலுவான சான்று குரோய்டனை அடுத்த ஷெர்லியின் பாதிரியார் வில்லியம் வில்க்ஸ். 1880-இல் தம் தோட்டம் வயலைத் தொடும் மூலையில், இதழோரம் வெளுத்த ஒற்றைச் செம்பாப்பியை அவர் கண்டார். அதன் விதையைச் சேமித்து விதைத்தார். மறு ஆண்டு ஏறக்குறைய இருநூறு செடிகளில் நாலைந்து மட்டும் வெள்ளை விளிம்போடு பூத்தன. அவற்றின் வழிவந்ததே இன்று உலகெங்கும் விற்கும் ஷெர்லி பாப்பி. இக்கதையைச் சேர்த்தலுக்குச் சான்றாகக் கொள்வது பிழை. செடியைப் பெருக்கும் வேலையைச் செடியே பார்த்துக்கொண்டது. பாதிரியார் ஆண்டு தவறாமல் செய்தது வேண்டாததைப் பிடுங்கியதுதான்.

இதுவே சுபக்கமும், அதாவது நம் முடிவும், ஆகும். பாப்பி ஒருமுறை காய்த்த துண்டில் ‘மேலும்’ என்பதற்கு மனிதர் தேவையில்லை. எதை விட்டுவைப்பது என்பது மட்டுமே அவர் கையில் உள்ளது. நல்லவேளையாக அது எளிது. வேரிலிருந்து மீண்டும் துளிர்க்காத செடி ஆகையால் இளம் பருவத்தில் களைக்கொத்தின் ஒரு வீச்சு போதும். ஆணிவேர் உடையதால் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை; கேரட் வரிசையில் முளைத்ததற்கு இரக்கம் காட்டி இடம் மாற்றுவது வீண். அடிக்கு ஒன்றாகக் கலைத்துவிட்டு, வேண்டிய காய்களை மட்டும் பழுக்க விட்டு, மற்றவற்றைப் பச்சையிலேயே நறுக்க வேண்டும். ஷெர்லி நிறங்களைக் காக்க விரும்புவோர் செந்நிறச் செடியை முதல் பூவிலேயே பிடுங்குக. வயல் பாப்பி தன் மகரந்தத்தால் கருவுறாது, தேனீ கொண்டுவரும் கலப்பு அடுத்த தலைமுறையில் சிவப்பாகவே வெளிப்படும்.

ஆகவே புதிய நிறம் வேண்டினாலன்றி விதை வாங்கத் தேவையில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர் அதைப் பக்கத்துத் துண்டுக்காரருக்குப் பரிசளிப்பது நல்லுறவுக்கு உகந்ததன்று. தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு குறிப்பு: இந்தியாவில் உரிமமின்றிக் கசகசாச் செடி வளர்ப்பது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். கசகசாவை மளிகைக் கடையில் வாங்கிக்கொள்க.