அர்ச்சியசிஷ்டர்களை வேலை வாங்கிய அம்மா

மோட்சத்தில் வாசம் செய்கிறவர்களுக்கு நித்திய இளைப்பாறுதல் உண்டு என்று ஞானோபதேசப் புத்தகத்தில் எழுதியவர்கள் என் அம்மாவை அறியாதவர்கள். லெபனான் மலைநாட்டில் பிஷாரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மரோனியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்கப் பிரஜையாகிய என் தகப்பனாருக்கு வாழ்க்கைப்பட்டு, ஓஹையோ மாகாணத்து யங்ஸ்டவுன் நகரில், உருக்காலைப் புகை படியாத துணியைக் கொடியில் காணவே முடியாத ஒரு தெருவில் குடியேறிய அந்த ஸ்திரீ, ஆங்கிலத்தை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவும் இல்லை, கார் ஓட்டப் பழகவும் இல்லை, ஒரு நாளாவது சம்பளத்துக்கு உத்தியோகம் பார்க்கவும் இல்லை; ஆயினும் அவளுக்குக் கீழே பெரியதொரு சிப்பந்திக் கூட்டம் ஓய்வொழிவின்றி வேலை பார்த்தது. காணாமற்போன சாமான்களுக்கு அந்தோணியார்; வைத்தியரும் வக்கீலும் கைவிட்ட காரியங்களுக்கு ரீத்தம்மாள்; அண்டை அயல் சச்சரவுகளுக்கு, உருவிய வாளோடு நிற்கும் எலியாஸ் தீர்க்கதரிசி; இவர்களுக்கெல்லாம் மேலதிகாரியாக, தாழ்ந்த பார்வையும் வெண்தாடியும் கறுப்பு முக்காடுமாகச் சார்பெல் முனிவர்.

அவளுடைய ஜெபத்தை அடுத்த அறையிலிருந்து கேட்பவர்களுக்கு அது ஜெபமென்றே தோன்றியிராது; எலும்பைக் கழித்து நிறுக்கும்படி கறிக்கடைக்காரனிடம் கண்டித்துச் சொல்லும் குரல் எதுவோ, அதே குரல்தான். ஒரு சமயம் அப்பாவின் சம்பளக் கவர் காணாமற்போயிற்று. அந்தோணியாருக்கு முதல் நாள் மெழுகுவர்த்தி, மறுநாள் எச்சரிக்கை, அதற்கடுத்த நாள் அவருடைய சுரூபம் மாடத்தைவிட்டு இறங்கி, சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்கு நடுவே, முகம் குப்புறக் கிடந்தது. அன்று இரவே கவர் அகப்பட்டது. அகப்பட்ட இடம் அப்பாவின் பழைய பூட்ஸுக்குள்; வைத்தவரும் அப்பாவே; வைத்த காரணத்தில் சீட்டாட்டத்தின் சம்பந்தம் கொஞ்சம் இருந்தது. அந்தோணியார் துடைக்கப்பட்டு மாடத்துக்குத் திரும்பினார். அப்பா அந்த இழுப்பறைக்குள் கொள்ளாதவராகையால் தப்பினார்.

சார்பெல் முனிவரிடம் அவளுக்கு இருந்த உரிமை வேறு வகையானது. அவர் பிறந்த பிக்காகஃப்ரா அவளுடைய கிராமத்திலிருந்து கூப்பிடு தூரம். தாய்வழியில் ஏதோ உறவும் உண்டு என்று அவள் சாதிப்பாள். அன்னாயா மடத்தில் 1898-ஆம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளன்று, அவர் காலமானார். 1950-இல் அவருடைய கல்லறையில் அற்புதங்கள் நிகழ்கின்றன என்ற செய்தி பரவி ஜனங்கள் திரள் திரளாகச் சென்றபோது, முழங்கால் வாதத்தோடு போன பாட்டிக்குத் துணையாகச் சிறுமியாகிய அம்மாவும் போனாள். பாட்டியின் வாதம் குணமாகவில்லை. ஆனால் திரும்புகையில் கூட்ட மிகுதியால் பஸ் கிடைக்காமல் அந்தக் கிழவி பாதி வழி நடந்தே வந்தாள். இதைவிடப் பெரிய அற்புதம் வேறென்ன வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. தான் ஒரு நாளில் முடிவு செய்த விஷயத்தை ரோமாபுரி 27 வருஷம் விசாரித்ததைப்பற்றி அவளுக்குக் கடைசிவரை ஓர் ஏளனம் இருந்தது.

பிஷாரி என்றவுடன் உலகம் அங்கே பிறந்த கவிஞர் கலீல் ஜிப்ரானைத்தான் நினைக்கிறது. 1923-இல் வெளிவந்த அவருடைய ‘தீர்க்கதரிசி’யில் விவாகத்தைப்பற்றியும் குழந்தைகளைப்பற்றியும் தனித்தனி அத்தியாயங்கள் இருப்பதை நான் பெருமையோடு எடுத்துச் சொன்னபோது, திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்த அம்மா, தலை நிமிராமலே, “அவருக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டாள். அவர் கலியாணமே செய்துகொள்ளவில்லை என்றேன். “ஓய்வு இருந்திருக்கிறது” என்று சொல்லி அடுத்த இலையை எடுத்தாள். இலக்கிய விமரிசனங்கள் பல படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமானது வேறில்லை.

தபசு காலம் வந்துவிட்டால் அவளுடைய கர்வத்துக்கு எல்லையே இராது. மரோனியருக்கு அது திங்கட்கிழமையே தொடங்கிவிடும்; அயலிலிருந்த இத்தாலியரும் ஸ்லோவாக்கியரும் புதன்கிழமைதான் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். இடையிலுள்ள இரண்டு நாளும் அவள் வேலிக்கு இப்பால் நின்று, அப்பால் எழும் கொத்திறைச்சி வாசனையை ஒரு மகாராணியின் இரக்கத்தோடு முகர்ந்துகொண்டிருப்பாள். ஈஸ்டர் கழிந்த பின்போ, ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கல்லுரலில் ஆட்டிறைச்சி இடிபடும் ஓசையால் தெருவே அதிரும். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஐஸ் தண்ணீரில் கையை நனைத்து நனைத்து, இடித்த இறைச்சியையும் ஊறின கோதுமை நொய்யையும் ஒன்றாய்ப் பிசைந்து, தட்டில் வழவழவென்று பரப்பி, உள்ளங்கை ஓரத்தால் அதன்மேல் சிலுவைக் கோடு இழுத்த பிறகே எங்களுக்குத் தொட அனுமதி. பச்சையாகவே உண்ணும் அந்தக் கிப்பேயைக் கண்டு பள்ளித் தோழர்கள் ஓடியதில் எனக்கு வருத்தம் கிடையாது, பங்கு அதிகமாயிற்று.

1977-ஆம் வருஷம் செப்டம்பர் 19-ஆம் தேதி எங்களூர்ப் பெரிய உருக்காலை ஒன்று மூடப்படும் என்ற செய்தி வந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பில் இடி விழுந்தது. அவ்வூரார் இன்றும் அந்நாளைக் கறுப்புத் திங்கள் என்றே சொல்லுகிறார்கள். அப்பாவின் வேலையும் அதோடு போயிற்று. அக்டோபர் 9-ஆம் தேதி ரோமாபுரியில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், சார்பெல் முனிவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் சூட்டினார். “உன் சொந்தக்காரர் நம்மை நன்றாகக் கவனித்துக்கொண்டார்” என்று அப்பா மனம் கசந்து சொன்னதற்கு, அம்மா, “பட்டாபிஷேகத்தை வைத்துக்கொண்டு அலைந்துகொண்டிருந்தவர் இந்த ஊர்க் கொல்லுலையையும் பார்க்கவேண்டுமாக்கும்! இனிமேல் ஓய்வுதான், இனிமேல் கேட்கிறேன்” என்றாள். கேட்டாள், கெடுவும் வைத்தாள். கெடுவுக்குச் சற்றுப் பின்னால் அப்பாவுக்கு ஒரு கிடங்கில் இராக் காவல் வேலை, பாதிச் சம்பளத்தில், கிடைத்தது. படத்துக்கு முன் விளக்கேற்றி வந்தனம் சொன்னவள், மூச்சு விடாமல், “மற்றப் பாதி?” என்றும் கேட்டுவைத்தாள்.

அந்த வேலை கிடைப்பதற்குமுன் வந்த ஜனவரியில்தான் பிசைந்த மாவின் விவகாரம் நேர்ந்தது. கிறிஸ்துநாதர் ஞானஸ்நானம் பெற்ற திருநாளுக்கு முந்தின இரவு, நடுநிசியில் அவர் வீடுவீடாக ஆசீர்வதித்துக்கொண்டு போவார் என்பதும், ஈஸ்ட் கலவாத மாவைத் துணியில் முடிந்து மரக்கிளையில் தொங்கவிட்டால் அவர் கடந்து போகும் வேளையில் அது தானே பொங்கும் என்பதும் எங்கள் மலைநாட்டு வழக்கம். ஓஹையோவின் ஜனவரியில் மேப்பிள் மரத்தில் தொங்கிய மாவு வருஷாவருஷம் கல்லாய் உறைந்தது. ஒரு வருஷம் அணில் துணியோடு கொண்டுபோய்விட்டது. அந்த அணிலும் ஞானஸ்நானம் பெற்றதாகத்தான் இருக்கும் என்று அம்மா மனத்தைத் தேற்றிக்கொண்டாள். அந்த ஜனவரியிலோ, யோசனை செய்து, மூட்டையை நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்துக் குழாயில் கட்டினாள். நிலவறைக்குள் கர்த்தர் எப்படி வருவார் என்று கேட்டேன். மாட்டுத் தொழுவத்துக்கு வந்தவர் இங்கே வரமாட்டாரா என்றாள். விடிந்து பார்த்தால் மாவு பொங்கித் துணியைப் பிதுக்கிக்கொண்டு நின்றது!

வேலையற்றிருந்தமையால் தர்க்கத்துக்கு நிரம்ப அவகாசம் பெற்றிருந்த அப்பா, அது உலைச் சூட்டில் பொங்கியது என்றார்.

“உலை குளிர்காலம் முழுதும் எரிகிறதே, மற்ற இராத்திரிகளில் ஏன் பொங்கவில்லை?” என்றாள் அம்மா.

“மற்ற இராத்திரிகளில் நீ மாவு கட்டவில்லையே!”

அம்மா வாயைத் திறக்கவில்லை. அந்த மாவிலே ரொட்டி சுட்டு, எண்ணெயும் ஸாத்தர் என்ற மூலிகைப் பொடியும் தடவி, சூடாறுமுன் அப்பாவின் முன்னே வைத்தாள். அவர் மூன்று துண்டு தின்னும்வரை காத்திருந்து, “அற்புதத்தை நம்பாதவர்கள் இதைத் தின்றால் வயிற்றைப் பிடுங்கும் என்று எங்கள் பாட்டி சொல்லுவாள்” என்றாள். அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு நாலாவது துண்டையும் எடுத்துக்கொண்டார். எடுப்பதற்குமுன் சிலுவை போட்டுக்கொண்டார்.