ஐம்பது கே.பி. அண்ணன்

கடை வாசலில் தலை நீட்டினால் போதும், “டிஎன்பிஎஸ்சியா, பாஸ்போர்ட் சைஸா, கம்பெனியா?” என்பார். டிஎன்பிஎஸ்சி என்றால் முகம் 20 முதல் 50 கே.பி.க்குள், கையெழுத்து 10 முதல் 20-க்குள் அடங்க வேண்டும். பாஸ்போர்ட் சைஸ் என்றால் 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர். நீங்கள் யார், யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் அப்புறம்தான்.

கடை இருப்பது ஆரணியில். ஆரணி என்றதும் பட்டுப்புடவை ஞாபகம் வந்தால், அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நான் சொல்வது பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணி ஆற்றங்கரையில் இருப்பது. இந்தப் பக்கத்துக் கடைத்தெரு எதிலும் இவர் உண்டு. போர்டில் ஸ்டுடியோ என்று இருக்கும். உள்ளே ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் நடக்கும். ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். ஊரில் பாதிப் பேர் அதை மாட்டிக்கொண்டுதான் வேலைக்கு மனு போட்டிருக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆள் விடும் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பைக்கை நிறுத்திவிட்டு பென்டிரைவை நீட்டும்போதுதான் அண்ணனின் கலை முழுசாக வெளிப்படும். உள்ளே கேட் பாஸுக்காக இருநூறு முகங்கள். எல்லாம் செல்போனில் எடுத்தவை. ஒன்று நாலு எம்.பி., ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து இளைத்தது, ஒன்று படுத்த வாக்கில், ஒன்றில் தோளுக்குப் பின்னால் யாரோ பல் துலக்கிக்கொண்டிருப்பார்.

“எப்பணா கிடைக்கும்?”

பெருமூச்சு. “ஒவ்வொண்ணா உக்காந்து பண்ணணும் தம்பி. நாளைக்கு சாயங்காலம் வா.”

ஒவ்வொன்றாக உட்காருவதாவது! போட்டோஷாப்பில் ‘ஆக்‌ஷன்’ என்ற வசதி 1996-லேயே, நான்காம் பதிப்போடு வந்தாயிற்று. ஒரு படத்தைத் திறந்து, அளவையும் தரத்தையும் குறைத்து, சேமித்து மூடுவதை ஒரே தடவை செய்து காட்டினால் பதிந்துகொள்ளும். பிறகு ‘ஆட்டோமேட்’ மெனுவில் ‘பேட்ச்’சைத் தட்டி, எந்த ஃபோல்டரிலிருந்து எடுத்து எதில் போடுவது என்று சொல்லிவிட்டால், டீ குடித்துவிட்டு வரலாம். அண்ணன் இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆள் வந்துவிட்டால் புருவத்தை நெரித்து, முகம் மாறும் ஒவ்வொரு தடவையும் மவுஸில் ஒரு தட்டு தட்டுவார். கை தவறி ஓட்டம் கலைந்துவிடக் கூடாதே என்று, மவுஸ் வயரை முன்கூட்டியே கழற்றிவிட்டுத்தான் தட்டுவது.

ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனசில்லை. பேட்சுக்கு ஆள் தெரியாது. அகலமும் உயரமும் கட்டிப் பதிந்திருந்தால், படுத்த முகத்தையும் நிமிர்ந்த முகத்தையும் ஒரே சட்டத்தில் நசுக்கித் தள்ளும். நசுங்கினவர்களைத் தேடிப் பிடித்து நிமிர்த்துவது நிஜமான வேலை. அதற்குக் காசு கேட்டால் யார் தருவார்கள்? ‘பட்டனைத் தட்டினா வருது, இதுக்கு இவ்ளோவா’ என்பார்கள். அதற்குத்தான் இந்தப் பெருமூச்சு.

ஒரு முகூர்த்த சீசனில், கல்யாண ஃபோல்டர் மேல் டிஎன்பிஎஸ்சி ஆக்‌ஷன் ஓடிவிட்டது. அதுவும் ஒரிஜினல் மேலேயே சேமித்துக்கொண்டு. தாலி கட்டியது, பந்தி, பெண்ணின் அத்தை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றது எல்லாம் 50 கே.பி.க்குள் அடக்கம். 12-க்கு 36 அங்குல கரிஷ்மா ஆல்பத்துக்கு 300 டிபிஐ என்றால் விரித்த ஒரு தாளே 10,800 பிக்சல் அகலம் வேண்டும். கேமராவின் மெமரி கார்டை இன்னும் அழிக்காமல் இருந்ததால் பிழைத்தார். இப்போதெல்லாம் எது வந்தாலும் முதலில் ஒரு காப்பி. அந்த ஃபோல்டருக்குப் பெயர், ‘தொட்டா கைய ஒடிப்பேன்’.

சுருக்கச் சொன்னால் அஞ்சாதவர், பெருசு பண்ணச் சொன்னால் மட்டும் ஆடிப்போவார். போன வாரம் ஒரு பையன் செல்போனை நீட்டினான்.

“தாத்தா படம்ணா. பத்துக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸ். வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள்.”

அண்ணன் பார்த்தார். 18 கே.பி. “இன்னாடா இது, தபால்தலை கணக்கா கீது! ஒரிஜினல் இல்லையா?”

“முதியோர் பென்ஷனுக்கு நீதானணா எடுத்து, சின்னதாக்கிக் குடுத்த. உன்கிட்ட இருக்கும்னு சொன்னாங்க.”

அண்ணன் பழைய ஹார்டு டிஸ்க்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மவுஸ் வயர் அப்போது சொருகியே இருந்தது. கடைசியில், “சரி, குடு. தாத்தா வந்துடுவாரு. மூக்குக்கண்ணாடிக்கு நான் கேரண்டி இல்ல,” என்றார்.

“தாத்தா கண்ணாடியே போடமாட்டாருணா. அது புருவம்.”