ஆக்லாந்திலிருந்து ஒரு பஸ்கி வாத்தியார்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் இங்கே டான்ஸ் வாத்தியார் ஆகப்போகிறேன் என்று அம்மா திருமுக்கூடல் முழுக்கச் சொல்லிவிட்டதாகக் கேள்வி. டான்ஸ் இல்லை பெரியப்பா. இரும்புக் கம்பியில் தட்டு மாட்டிக்கொண்டு, பாட்டுக்கு ஏற்றபடி தூக்கி இறக்குவது. 'பாடிபம்ப்' என்று பெயர். அதைச் சொல்லிக்கொடுக்கும் சான்றிதழுக்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறேன். பகலில் பார்க்கும் கணக்கு வேலை அப்படியே இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

இந்த வித்தை பிறந்ததே இந்த ஊரில்தான். லெஸ் மில்ஸ் என்று ஒருவர். குண்டு எறிவார், வட்டு எறிவார். நியூசிலாந்துக்காக நாலு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். 1966இல் கிங்ஸ்டனில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வட்டெறிதலில் தங்கம் வாங்கினார். 1968இல் மனைவி கொலீனோடு சேர்ந்து ஆக்லாந்தில் ஜிம் திறந்தார். பிற்பாடு, 1990இலிருந்து எட்டு வருஷம், இந்த ஊருக்கு மேயராகவும் இருந்தார். நம் பக்கம் பதவி வந்த பிறகுதான் உடம்பு போடும். இவர் உடம்பை முதலில் தயார்செய்துவிட்டுப் பதவிக்கு வந்திருக்கிறார். இவருடைய மகன் பிலிப் தொடங்கிவைத்ததுதான் பாடிபம்ப்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப் பாட்டும் புது அசைவுமாக ஒரு தொகுப்பு வரும். எந்த நாட்டில் வகுப்புக்குப் போனாலும் அதே வரிசைதான். முதலில் உடம்பைச் சூடேற்றுவது, அப்புறம் பஸ்கி, மார்பு, முதுகு, கையின் பின்பக்கம், முன்பக்கம், காலை முன்னால் வைத்து மடக்குவது, தோள், வயிறு, கடைசியில் இளைப்பாறல். ஆக, பத்துப் பாட்டு. எடை ஒன்றும் மலை இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் எண்ணூறு தடவை வரை தூக்கி இறக்கவைத்துவிடுவார்கள். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரின் அருமை தெரியும்.

தூக்குவதைக்கூடச் சமாளித்துவிடலாம் பெரியப்பா. தூக்கிக்கொண்டே பேசவேண்டும், அங்கேதான் தேர்வு. அடுத்த அசைவு வருவதற்கு நாலு எண்ணிக்கை முன்னாலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் நீங்கள் கோர்வைத் தறியில் உட்கார்ந்திருந்தபோது, எதிர்க்கரைக்கு நாடா தள்ளும் பையனுக்கு முன்கூட்டியே குரல் கொடுப்பீர்களே, அதே வேலைதான். உங்களுக்கு ஒரு பையன், எனக்கு நாற்பது பேர். நீங்கள் உட்கார்ந்துகொண்டு குரல் கொடுத்தீர்கள். நான் பாதி பஸ்கியில், தோளில் கம்பியோடு, காதில் ஸ்பீக்கர் அலற அலறக் கொடுக்கவேண்டும். அதுவும் சிரித்த முகத்தோடு!

இன்னொரு தொல்லை, வகுப்பைப் பார்த்து நிற்பது. அவர்கள் வலது காலை எடுக்கவேண்டும் என்றால் நான் 'வலது' என்று சொல்லிவிட்டு இடது காலை எடுக்கவேண்டும், கண்ணாடி மாதிரி. பிறந்ததிலிருந்து கோயிலை வலமாகவே சுற்றிவந்த காலுக்கு இது லேசில் வருமா?

எல்லாவற்றையும் மிஞ்சியது திட்டக்கூடாது என்கிற விதி. 'முதுகை வளைக்காதே' என்று சொல்வதைவிட 'நெஞ்சை நிமிர்த்துங்கள்' என்று சொல்வது உசத்தியாம். செய்யக்கூடாததைச் சொல்லாமல் செய்யவேண்டியதைச் சொல்லவேண்டும், அதையும் பாராட்டோடு சேர்த்து. 'டேய், கண்ணு பொடனியிலயா இருக்கு?' என்று கேட்டே வளர்க்கப்பட்டவன் நான். உங்களிடம் தறி படித்த பிள்ளைகள் யாராவது ஒரு பாராட்டு வாங்கியிருப்பார்களா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்தும் அவர்கள் கோர்வை கோணவில்லை. இதை இங்கே சொன்னால் வேலைக்கு உலை.

பயிற்சி முகாம் இரண்டு நாள். அதோடு முடியாது. முழு வகுப்பையும் நடத்தி, வீடியோ எடுத்து அனுப்பவேண்டும். அசைவு மனப்பாடமா, உடம்பு நிற்கும் முறை சரியா, சொல்லிக்கொடுப்பது புரிகிறதா, வந்தவர்களோடு ஒட்டுகிறானா, மேடையில் உயிர் இருக்கிறதா என்று ஐந்தும் பார்த்துத்தான் தேர்ச்சி. முதலுதவியும் படிக்கவேண்டும். மயங்கி விழுந்தவருக்கு உணர்வும் சீரான மூச்சும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு அங்குல ஆழம் அழுத்தவேண்டும், நிமிஷத்துக்கு 100இலிருந்து 120 தடவை. முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு. இது ஒன்றை மட்டும் நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் கட்டாயமாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

சம்பளத்தைக் கேட்பீர்கள். வகுப்புக்கு இவ்வளவு என்று கணக்கு, மாதச் சம்பளம் கிடையாது. நம் திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டு ஞாபகம் வந்தது. வீரராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே பதினைந்து கட்டில் போட்ட ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி. வைத்தியருக்கு நெல், சல்லியக்கிரியை என்கிற அறுவை செய்பவருக்கு நெல், மூலிகை கொண்டுவருபவருக்கு, மருந்து அடும் பெண்களுக்கு, நாவிதருக்கு என்று ஒருவர் விடாமல் எழுதியிருக்கிறார்கள். கோயிலில் படித்த மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு எண்ணெய்கூட உண்டு. உடற்பயிற்சி வாத்தியாருக்கு மட்டும் ஒரு படி நெல் இல்லை. ஆற்றங்கரை ஊரில் ஏர் ஓட்டி, ஏற்றம் இறைத்தவனிடம் போய் 'இன்னும் எட்டு தடவை' என்று யார் சொல்வது? தை இரண்டாம் நாள் காஞ்சி வரதரைச் சுமந்து பழையசீவரம் மலை ஏறி, பாலாற்றையும் தாண்டி நம்மூருக்கு எழுந்தருளச் செய்பவர்களைப் பாருங்கள். தோளுக்கென்று தனிப் பாட்டு அவர்களுக்கு எதற்கு?

ஆனால் நம் கர்லாக்கட்டையை லேசாக நினைக்காதீர்கள். அதை வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய், 1904லும் 1932லும் ஒலிம்பிக் போட்டியாகவே நடத்தியிருக்கிறார்கள். முகாமில் இதை எடுத்துவிட்டேன். அன்று முழுக்க எனக்குத் தனி மரியாதை.

நான் நடத்திப் பழகும் வகுப்பில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி முன்வரிசையில் நிற்கிறாள். மூச்சு வாங்கி நான் முழுங்கும் எண்ணிக்கையை அவளே உரக்கச் சொல்லி முடித்துவிடுகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் முழங்கால்தான் ஞாபகத்துக்கு வருகிறது. குழித்தறியில் இத்தனை வருஷம் உட்கார்ந்த உடம்பு, தைலம் மட்டும் போதாது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, காலையில் ஒரு நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். நெஞ்சில் பிடித்தால் உடனே நிறுத்திவிடவேண்டும். கூடத்தில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஏற்கெனவே விரிசல். மர நாற்காலியைச் சுவரோரம் போட்டுச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்