அக்னி நட்சத்திரமும் பிராசஸரும்

கேள்வி: மே மாதம் வந்தால் என் கம்ப்யூட்டர் மதியத்தில் தானாக அணைந்துவிடுகிறது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேன் வைத்துவிட்டேன். சரிதானே?
- ஒரு வாசகர், ஒரத்தநாடு

பதில்: நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் ஃபேன் அறைக் காற்றைத்தான் தள்ளும், குளிர்விக்காது. அறையில் 38 டிகிரி என்றால் பிராசஸர் அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. போதாக்குறைக்கு, திறந்த பெட்டிக்குள் தூசி விருந்துக்கு வரும். தை மாதச் சம்பா அறுவடையில் பறந்த சுணை, சித்திரையில் கணக்குத் தீர்க்கும்!

முதலில் அளந்து பாருங்கள். விண்டோஸுக்கு எச்டபிள்யூ மானிட்டர், லினக்ஸுக்கு எல்எம்-சென்சார்ஸ், இரண்டும் இலவசம். சும்மா இருக்கையில் 50, வேலை செய்கையில் 80 வரை காட்டினால் நிம்மதியாக இருங்கள். 100-ஐ நெருங்கினால் பெரும்பாலான பிராசஸர்கள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு அடங்காவிட்டால் அணைந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாம் செய்வதும் அதுதானே? அதை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்!

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட் சிங்க் இடுக்குகளில் காற்றடியுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். பஞ்சர் கடை கம்ப்ரசர் வேண்டாம், ஈரமும் சேர்ந்து வரும். பல வருடப் பெட்டி என்றால், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஓர் அரிசி அளவு வையுங்கள். பொன்னியா, மாப்பிள்ளைச் சம்பாவா என்று அடுத்த கடிதம் போட வேண்டாம்.